நாலு சாண் பின்னால்

பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோமா, இல்லையா? வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினவன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, பூட்டினோமா என்று யோசிக்கிற மாதிரி, தவசிலிங்கம் அந்தக் கோவில்பட்டிக் கல்யாண மண்டபத்தில், மேடைக்குக் கீழே, கழுத்தில் கேமராவோடு நின்று நாலாவது தடவையாக அதையே யோசித்தான். முகூர்த்தத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ஐயர் புகைக்கு நடுவில் மாப்பிள்ளையைப் பிடித்துவைத்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அதில் பாதியை விழுங்கி மீதியை இருமினார். கேமராவின் மெனுவுக்குள் நாலு படி இறங்கிப் போனால் ஆட்டோஃபோகஸ் திருத்தம் என்று ஓர் இடம் இருக்கிறது. லென்ஸ் குறி தவறிப் பின்னால் போகிறது என்றால் அங்கே மைனஸில் ஒரு எண்ணைப் போட்டு அதை முன்னால் இழுக்கலாம். ரெண்டு வருஷமாக அங்கே மைனஸ் எட்டு கிடந்தது. செவ்வாய்க்கிழமை அதைப் பூஜ்யம் ஆக்கினான். ஆக்கினானா? ஆக்கி ஓகே அமுக்கினானா, இல்லை, ஆக்கின அதே நேரம் பார்த்து மனைவி ராஜகனி ‘ஏங்க, சிலிண்டர் வந்துருக்கு’ என்று கூப்பிட, அமுக்காமலே எழுந்துபோய் சிலிண்டரை உருட்டினானா? சிலிண்டரை உருட்டினது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிலிண்டர்க்காரன் நெற்றியில் வைத்திருந்த பொட்டுகூட ஞாபகம் இருக்கிறது. ஓகேதான் ஞாபகம் இல்லை. மெனுவைத் திறந்தான். பூஜ்யம். மூடினான். அப்பாடா என்று மூச்சு விட்டான். அந்த மூச்சு முடிவதற்குள், இப்போது மூடும்போது கட்டைவிரல் பக்கத்துப் பொத்தானில் பட்டிருக்குமோ என்று தோன்றியது.

இந்த நடுக்கம் ஊரார் வீட்டுக் கல்யாணத்தில் அவனுக்கு வராது. அங்கே படம் கொஞ்சம் மங்கலாக விழுந்தால் ‘கனவு மாதிரி எஃபெக்ட் குடுத்திருக்கேன் சார்’ என்று சொல்லி, மேலே ரெண்டு ரோஜாப்பூவைப் பறக்கவிட்டு ஆல்பத்தில் சேர்த்துவிடலாம். வீட்டுக்காரரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். இங்கே அந்தப் பருப்பு வேகாது. கல்யாணப் பெண் சுடர்மதி, ராஜகனியின் கடைசித் தங்கச்சி. இந்த வீட்டில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர் உண்டு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மைத்துனன் சேர்மராஜுக்கு இதே மண்டபத்தில் கல்யாணம் நடந்தபோது, தாலி கட்டுகிற படம் ஒன்று எடுத்தான். எடுத்தபோது பிரமாதமாக எடுத்ததாகத்தான் நினைத்தான். பெரிசாக்கிப் பார்த்தால், சேர்மராஜும் பெண்ணும் மழையில் நனைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் மாதிரித் தெரிந்தார்கள். அவர்களுக்கு நாலு சாண் பின்னால் மாமனார், பைக் சாவியால் காது குடைந்துகொண்டு, காதுமுடி ஒவ்வொன்றையும் எண்ணலாம் போல, அத்தனை துல்லியமாக விழுந்திருந்தார். ‘யாருக்குக் கல்யாணம்னு எடுத்தீக அத்தான்?’ என்று சேர்மராஜ் கேட்டான். கேட்டுவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஆல்பத்தைக் காட்டிக் கேட்டான். அதற்கடுத்து எட்டாம் மாசம் மாமனார் திடீரென்று போய்ச் சேர்ந்தார். சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டுமென்று தேடினால் மனுஷனுக்கு உருப்படியாக இருந்ததே அந்த ஒன்றுதான். கையையும் சாவியையும் வெட்டிவிட்டுச் சட்டம் போட்டார்கள். முழங்கையை மட்டும் வெட்ட முடியவில்லை. இப்போதும் மாமனார் மாலைக்குள்ளிருந்து ஒரு முழங்கையை உயர்த்தியபடி, ஏதோ சந்தேகம் கேட்கிறவர் மாதிரி ஹாலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

லென்ஸ்தான் கோளாறு என்று தவசிலிங்கம் அன்றைக்குச் சொன்னான். வாய்க்கு வந்ததைச் சொன்னான், அது நிலைத்துவிட்டது. வீட்டில் எல்லாருமே ஒரு வார்த்தை கற்றுக்கொண்டார்கள். சாம்பாரில் உப்பு கூடினால் ‘லென்ஸ் கோளாறு’, சேர்மராஜ் வண்டியைச் சுவரில் இடித்தால் ‘லென்ஸ் கோளாறு’. ராஜகனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அதை அப்படியே நம்பினாள். இந்தக் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று சேர்மராஜ் பேச்செடுத்ததும், அம்மா, தங்கச்சி, பெரியப்பா என்று அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்றுவிட்டாள். ‘இவுகதான் எடுப்பாக. அன்னைக்குக் கோளாறு லென்ஸுல, இவுக கையில இல்ல. வேற எவனாவது கேமராவத் தூக்கிட்டு வந்தாம்னா நான் மேடையே ஏற மாட்டேன், பாத்துக்கோ.’ தவசிலிங்கம் அப்போது முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அந்த முறுக்கு இன்னும் இறங்கவில்லை என்றே அவனுக்குத் தோன்றுகிறது. அவள் அப்படிப் பேசினபோது சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவனுக்காக யாரும் அப்படி எழுந்து நின்றதில்லை. சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. பிறகு செவ்வாய்க்கிழமை வந்தது.

செவ்வாய்க்கிழமை, கல்யாணத்துக்கு முன்னால் லென்ஸை ஒரு கை பார்த்துவிடுவோம் என்று, சாப்பாட்டு மேஜையில் ராஜகனியின் பொடி டப்பாக்களைச் சரிவாக வரிசை கட்டினான். முன்னால் மிளகாய்த்தூள், அதற்குப் பின்னால் மல்லித்தூள், நடுவில் மஞ்சள்தூள், அப்புறம் சீரகம், மிளகு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, திருத்தத்தைப் பூஜ்யமாக்கி, மஞ்சள்தூளைக் குறிவைத்து அழுத்தினான். மஞ்சள்தூள் பளிச்சென்று விழுந்தது. கிட்டே இழுத்து எடுத்தான், தள்ளி எடுத்தான். இருபது தடவை எடுத்தான், இருபது தடவையும் மஞ்சள்தூள்தான். ‘மல்லித்தூளை எடுத்துக்கிடட்டுமா, இல்ல அதுக்கு இன்னும் போஸ் முடியலையா?’ என்று அடுக்களையிலிருந்து ராஜகனி கேட்டாள். குழப்பமாக இருந்தது. சரி, கல்யாணத்தில் எடுக்கிற மாதிரியே எடுத்துப் பார்ப்போம் என்று கேமராவைக் கையில் எடுத்தான். லென்ஸின் ஜூம் வளையத்தைத் திருப்பி மஞ்சள்தூளைக் கிட்டே இழுத்தான். பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பிடித்தான். பாதி அழுத்தின விரலை எடுக்காமலே வளையத்தைத் திருப்பி அகலமாக்கினான். முழுசாக அழுத்தினான். பார்த்தால், மஞ்சள்தூள் மங்கிவிட்டது, மிளகு டப்பாவின் மேல் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் படிக்க முடிந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி மிளகு. தவசிலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கோளாறு லென்ஸில் இல்லை, அவன் கையில் இருந்தது. இருபது வயசில் வீடியோ கேமரா தூக்கினபோது படிந்த பழக்கம் அது: முகத்தைக் கிட்டே இழு, தெளிவாக்கு, அப்படியே பின்னால் வா. அந்தக் காலத்து வீடியோ லென்ஸ் வளையத்தைத் திருப்பினாலும் பிடித்த இடத்தை விடாது. இந்த லென்ஸ் அப்படி இல்லை. வளையம் திரும்பினால் ஃபோகஸும் கூடவே நகர்ந்துவிடும். அப்படியென்றால், சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினபோது ‘குறை ஏதும் இல்லை’ என்று ஒரு சீட்டோடு திருப்பி அனுப்பினார்களே, அவனுகளுக்கு என்ன தெரியும் என்று திட்டி அந்தச் சீட்டைப் பைக்கு அடியில் ஒளித்துவைத்தானே, அந்தப் புண்ணியவான்கள் சொன்னது சரி. இல்லாத நோய்க்கு மைனஸ் எட்டு மருந்து போட்டு, ரெண்டு வருஷமாக நல்ல லென்ஸைத்தான் நோயாளி ஆக்கியிருக்கிறான்.

ராஜகனியிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் அடுக்களைக்குப் போனான். அவள் திரும்பிப் பார்த்து, ‘என்ன, சரியாயிருச்சா அது?’ என்றாள். ‘ஆயிருச்சு’ என்றான். அவ்வளவுதான். இனி பாக்கி இருப்பது கை. கையை எப்படிச் சரிசெய்வது? புதன்கிழமை முழுக்க வளையத்தைத் தொடாமல் எடுத்துப் பழகினான். பத்தில் எட்டுத் தடவை கை தானாகவே திருப்பியது. மூக்கில் ஈ உட்கார்ந்தால் கை போகிற மாதிரிப் போனது, கேட்டுக்கொண்டா போகிறது? கடைசியில் இன்று காலையில், முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, வளையத்தை ஐம்பது என்ற எண்ணில் நிறுத்தி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டான். இனிக் கை என்ன குட்டிக்கரணம் போட்டாலும் வளையம் நகராது. பார்த்தவரெல்லாம் ‘என்ன, லென்ஸுக்கு அடிபட்டிருச்சா?’ என்று விசாரித்தார்கள். ஆமாம் என்றான். எத்தனையோ பொய்க்கு நடுவில் இது ஒன்று. பூஜ்யம்தானே? திறந்து பார்த்தான். பூஜ்யம்.

ஆனால் ஐம்பதில் ஒட்டின லென்ஸுக்கு ஒரு குணம் இருக்கிறது. கிட்டே வேண்டுமென்றால் காலால் நடந்து கிட்டே போகவேண்டும், அகலமாக வேண்டுமென்றால் பின்னால் நகரவேண்டும். தாலி கட்டுகிற இடத்தையும், மேலே பூப்பந்தலையும் சேர்த்துப் பிடிக்க மண்டபத்தில் ஒரே ஒரு இடம்தான் சரியாக வந்தது. மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசைக்கு முன்னால், ஒரு மனுஷன் நிற்கிற இடம். காலையிலேயே அளந்து, சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்திருந்தான். இப்போது அந்தக் கோட்டுக்கும் மேடைக்கும் நடுவில் பெரிய மாமனார் சங்கரவேலு வந்து நின்றார். ராஜகனியின் பெரியப்பா, கூட்டுறவுச் சங்கத்தில் தலைவராக இருந்தவர், முதுகு ஒரு பீரோ அகலம். அப்பா இல்லாத பெண்ணுக்கு அவரும் பெரியம்மாவும்தான் தாரை வார்க்கப்போகிறார்கள், அதனால் அங்கே நிற்க அவருக்கு முழு உரிமையும் உண்டு. பழைய நாளாக இருந்தால் வளையத்தை ஒரு திருப்புத் திருப்பி அவர் தோளைத் தாண்டிப் போயிருப்பான். இப்போது அவனால் முடிந்ததெல்லாம் ‘மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம்’ என்பதுதான். அவர் ஒரு அடி நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கு வந்தார். ‘மாமா, இன்னுங்கொஞ்சம்.’ நகர்ந்தார், வந்தார். மூன்றாவது தடவை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததால் தோளைத் தொட்டு லேசாகத் தள்ளினான். அது அவ்வளவு லேசாக இல்லை போலிருக்கிறது, அங்கவஸ்திரம் கீழே விழுந்தது.

“யாரைத் தள்ளுதீரு?” என்று சங்கரவேலு திரும்பினார். “முப்பது வருஷம் மேடையில உக்காந்தவன்யா நான். எம் பிள்ளை மாதிரி வளத்த பொண்ணு கல்யாணத்துல, போட்டோ மறைக்குதுன்னு என்னைய ஓரமா நிக்கச் சொல்லுதீரு?”

“ஐயோ, அப்படியில்ல மாமா, இந்த லென்ஸ் வந்து…”

“ஆமாமா, லென்ஸ் கோளாறு. தெரியும்லா” என்று சொல்லி அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் நேரே பந்தி நடக்கிற இடத்துக்கு நடந்தார். பெரியம்மா பின்னாலேயே ஓடினாள்.

போகட்டும், இட்லியைப் பார்த்தால் கோபம் ஆறிவிடும், திரும்பி வந்துவிடுவார் என்று முதலில் நினைத்தான். இடம் காலியாக இருந்தது, அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது, அதை நினைத்து வெட்கமும் வந்தது. கோட்டில் நின்று பார்த்தான். பந்தல், மணவறை, சுடர்மதி உட்காரப்போகிற பலகை எல்லாம் அளந்துவைத்த மாதிரிப் பொருந்தின. சுடர்மதி வந்து உட்கார்ந்தாள். அழுத கண்ணுக்கு மேலே மை தீட்டியிருந்தார்கள். காலையில் மணப்பெண் அறையில் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நடந்த பேச்சுவார்த்தை அவன் காதிலும் விழுந்தது. ‘நீ மேடைக்கு வரணும்மா’ என்று இவள் நின்றாள். ‘நான் வரக்கூடாதும்மா, நல்ல நேரத்துல அடம் பிடிக்காத’ என்று அவள் நின்றாள். அவனுடைய மாமியார் குருவம்மாள் இப்போது ஹாலின் பின்பக்கம், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், ரெண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாள். மாமனார் போனதிலிருந்து எந்த விசேஷத்திலும் அவள் நிற்கிற இடம் ஏதாவது ஒரு தூண்தான், தாம்பாளத்தைக்கூடத் தொடமாட்டாள். அங்கிருந்து என்ன தெரியும், தலைகள்தான் தெரியும். இந்தப் படத்தை யாருக்காக எடுக்கிறோம் என்று யோசித்தால், ராஜகனியின் மானத்துக்காக என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். அந்தத் தூணிலிருந்து பார்க்க முடியாததை அத்தை அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அதுவும் மங்கலாக இருந்தால்? பூஜ்யம்தானே? இருக்கட்டும், திறக்காதே. திறந்தான். பூஜ்யம்.

“தாரை வார்க்கறவா எங்கே? நேரமாறது, வரச் சொல்லுங்கோ” என்றார் ஐயர்.

பந்திப் பக்கம் போன சேர்மராஜ் வெறுங்கையோடு வந்தான். பெரியப்பா இலை முன்னால் உட்கார்ந்துவிட்டாராம். எழுந்திருக்க மாட்டாராம். போட்டோவையே தாரை வார்க்கச் சொல் என்றாராம். சேர்மராஜின் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள், தம்பதியாக நிற்க அவனுக்கு வழியில்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய பெரிய ஆட்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். ஐயர் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: “மூத்த பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்காளோல்லியோ, அவா நின்னாப் போறும்.” மூத்த மாப்பிள்ளை யார் என்று தவசிலிங்கமும் எல்லாரோடும் சேர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தான். ராஜகனி வந்து கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அது தான் என்று புரிந்தது.

“போட்டோ?” என்றான்.

“யார்ட்டயாவது குடுத்துட்டு வாங்க, சட்டுனு.”

யாரிடம்? வீடியோக்காரர் ‘அண்ணே, எனக்கு ரெண்டு கைதான்’ என்று கையை விரித்தார். சேர்மராஜா? பெரியப்பாவைக் கெஞ்ச மறுபடியும் ஓடிவிட்டான். இருந்தாலும் அவன் கையில் கொடுப்பதற்குக் கேமராவைக் கிணற்றில் போடலாம். சித்தப்பா மகன்கள் நாலு பேர் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்; கையில் கொடுத்தால் எவனாவது முதல் வேலையாகப் பிளாஸ்திரியை உரிப்பான், ரெண்டாவது வேலையாக மெனுவுக்குள் நுழைவான். கெட்டிக்காரன் வேண்டாம். எதையும் தொடாத ஆள் ஒருவர் வேண்டும். எதையும் தொடாத ஆள், எதையுமே தொடாத ஆள் என்று நெஞ்சு அதிலேயே சுற்றியது, சுற்றிச் சுற்றி மூன்றாவது தூணில் போய் முட்டியது. தவசிலிங்கம் ஓடினான்.

“அத்தை, இதைப் பிடிங்க.”

“எனக்கு என்ன தெரியும் மாப்ள? சும்மா இருங்க.”

“ஒண்ணும் தெரிய வேண்டாம். இந்தப் பொத்தானை அழுத்தணும். வேற எதையும் தொடக்கூடாது. அதான் உங்களுக்கு நல்லா வருமே.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கோபப்படவில்லை, அவனையே பார்த்தாள். அவன் யோசிக்க நேரம் கொடுக்காமல் வாரை அவள் தலைவழியே போட்டான். ஒரு வருஷத்துக்கு மேலாக வெறுமனே இருந்த கழுத்தில் கேமரா தொங்கியது.

“நான் மேடைக்கு வரக்கூடாது மாப்ள.”

“மேடைக்கு யாரு கூப்பிட்டா? அந்தா, சாக்பீஸ் கோடு தெரியுதா? அது போட்டோக்காரன் நிக்கிற இடம். அதுல போட்டோக்காரன்தான் நிக்கணும்.”

முதல் வரிசையில் ஒரு ஆச்சி, “குருவு, நீ எங்க இப்படி முன்னால…” என்று ஆரம்பித்தாள். “படம் எடுக்கணும்லா, காலை மடக்கு” என்றாள் குருவம்மாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்திருக்கும்.

மேடையில் தவசிலிங்கத்துக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபது வருஷமாக இந்த இடத்தில் நிற்கிறவர்களைப் பார்த்து ‘இயல்பா இருங்க, இயல்பா இருங்க’ என்று கத்தியிருக்கிறான்; இயல்பாக இருப்பது இத்தனை கஷ்டமான காரியம் என்று யாராவது ஒருவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். சுடர்மதியின் கையை மாப்பிள்ளை கையில் வைத்தான். ராஜகனி செம்பிலிருந்து தண்ணீர் விட்டாள். தண்ணீர் அவன் விரல்வழியே வழிந்தது, அந்த நேரத்திலும் சுட்டுவிரல் பாதி மடங்கி ஒரு பொத்தானைத் தேடியது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை குனிந்தார். கெட்டிமேளம் கிளம்பியது. இப்போது, அத்தை, இப்போது. கோட்டில் நின்ற குருவம்மாள் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டாள்.

“மாப்ள! கண்ணு பூராத் தண்ணி. ஒண்ணுமே தெரியலையே. எல்லாம் மங்கலா இருக்கு, இந்த லென்ஸு…”

“லென்ஸுல ஒரு கோளாறும் கிடையாது அத்தை!” தவசிலிங்கம் மேளத்துக்கு மேலே கத்தினான். மேளக்காரர் கொஞ்சம் அடக்கி வாசித்த இடமாகப் பார்த்து மிச்சமும் வெளியே வந்து விழுந்தது. “அன்னைக்கும் கிடையாது! எல்லாம் என் கைதான்! உங்களுக்குத் தெரிய வேண்டாம், அது பாத்துக்கிடும், நீங்க அழுத்துங்க!”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பந்திப் பக்கத்துக் கதவில் ஒரு கையில் பெரியப்பாவைப் பிடித்தபடி நின்ற சேர்மராஜும் கேட்டான். ராஜகனி செம்பைக் கீழே வைக்காமலே, தலையைத் திருப்பாமலே, “வீட்டுக்கு வாங்க, பேசிக்கிடுவோம்” என்றாள். அவ்வளவு கத்தலிலும் அவனுக்குக் கேட்டது அதுதான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான். நினைத்தபோது, ரெண்டு வருஷமாகச் சுமந்த ஒன்றை இறக்கிவைத்தது போலவும் இருந்தது.

குருவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைக்கவில்லை. கேமராவை எடுத்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். தாலி கட்டுகிற நேரத்தில் எந்தப் பெண்ணும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். ஐந்நூறு கல்யாணத்தில் ஐந்நூறு குனிந்த தலையைத்தான் தவசிலிங்கம் எடுத்திருக்கிறான். முதல் முடிச்சுக்கு மாப்பிள்ளையின் கை பின்கழுத்துக்குப் போனபோது சுடர்மதி தலையை நிமிர்த்தினாள். நிமிர்த்தி, லென்ஸுக்குப் பின்னால் நிற்பது யார் என்று தெரிந்து, அதை நேராகப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அவளுடைய அம்மா அழுத்தினாள்.